ஹாரன் அடிக்காத மாமா

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வருகிற பஸ்ஸில், நாலு ரோட்டில் இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே குரல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் டிரைவர் ஒரே அழுத்தாக அழுத்திப் புது பஸ் ஸ்டாண்டில்தான் நிறுத்துவார். என் அக்காவின் கணவருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவர் குரல் கொடுக்க மாட்டார். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர் தற்செயலாகத் திரும்பித் தன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வாரா என்று காத்திருப்பார். கண்டக்டர் போனில் பேசிக்கொண்டிருப்பார். நாலு ரோடு போய்விடும், பாலக்கரையும் போய்விடும். மாமா பஸ் ஸ்டாண்டில் எல்லாரோடும் இறங்கி, வந்த வழியே துறைமங்கலத்தில் இருக்கிற வீட்டுக்கு நடந்து வருவார்.

"ஏன் மாமா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்பேன்.

"பாவம், போன்ல பேசிட்டு இருந்தாரு மச்சான். அவருக்கு ஏன் சிரமம்?"

இந்த 'ஏன் சிரமம்'தான் மாமா. இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அவரும் அக்காவும் ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷங்களாகின்றன. மகளுக்கு ஓசூரில் வேலை என்று இருவரும் அவளோடு போய்விட்டார்கள். ஆனாலும் இன்றைக்கு யாராவது என் கடைக்கு வந்து, முன்னால் நிற்கிறவர்களை இடித்துத் தள்ளிவிட்டு, "யூரியா இருக்கா இல்லையா, சொல்லுய்யா" என்று அதட்டினால் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும். எனக்கு உரக்கடை. நாள் முழுக்கக் கத்திப் பேசிப் பிழைப்பவன். எனக்கு இப்படி ஒரு மாமா வாய்த்ததை என்னவென்று சொல்வது.

அவருக்கு வேலை கரண்ட் ஆபீஸில். அரியலூரில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ரீடிங் எடுக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டைத் தட்டி "ரீடிங்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நேராக உள்ளே போய்விடுவார்கள். மாமா கேட்டுக்கு வெளியே நின்று இருமுவார். யாரும் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இருமுவார். அந்த வீடுகளின் பெண்கள் அவருக்கு இருமல்காரர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். "வாசல்ல இருமுது பாரு, ரீடிங் வந்துருச்சு" என்று உள்ளேயிருந்து சொல்வது அவர் காதிலும் விழும். நல்ல உயரமான ஆள். அந்த உயரமே யாருக்கோ இடைஞ்சல் என்பதுபோலக் கூனிக்கொண்டே நடப்பார்.

இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும். கூட இருந்து பார்த்தால் வராது. எங்கள் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் நடந்தது இது. சோறு வைத்துக்கொண்டு வந்தவன் மாமாவின் இலையில் வைத்துவிட்டான். பின்னால் சாம்பார் வாளியோடு வந்தவன் அவரை விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். ரசம் ஊற்ற வந்தவனும் அப்படியே. ஒரு கை நீட்டினால் போதும். மாமா நீட்டவில்லை. வெறும் சோற்றை அப்பளத்தோடும் ஊறுகாயோடும் பிசைந்து சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதற்குமேல் சாப்பிடவில்லை.

"அவருக்கு ஒன்னுமில்லடா, நல்லா இருக்காரு. எனக்குத்தான் மானம் போவுது" என்றாள் என்னிடம்.

உண்மை அதுதான். அவருடைய கூச்சம் அவரோடு நிற்காது. பக்கத்தில் நிற்கிறவர்கள்மீதும் ஒட்டிக்கொள்ளும். அவரோடு கடைக்குப் போனால் நமக்குக் காது சூடேறும். எல்லாரும் முந்திப்போய் வாங்கிக்கொண்டு போக, இவர் ஓரமாக நிற்பார். அவருக்காக நான் கத்தினால் என் சட்டையைப் பிடித்து இழுப்பார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே அளவுக்கு அவரால் வெட்கமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்.

அவர் கார் வாங்கியதே பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் என்று நான் கேலி செய்வேன். பழைய வெள்ளைக் கார், சின்னது. எத்தனையோ கை மாறி வந்தது. ஓட்டப் பழகிக்கொண்டார், நன்றாகவும் ஓட்டினார். ஒரே ஒரு குறை, ஹாரன் அடிக்க மாட்டார். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். எல்லாரும் ஹாரனை அடித்து வழி வாங்கிப் போவார்கள். மாமா லாரியின் புழுதியைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். ஆட்டுக்காரம்மா மந்தையை ஓட்டி வந்தால் வண்டியை அணைத்துவிட்டு, கடைசி ஆடு போகும்வரை உட்கார்ந்திருப்பார்.

"அடிச்சா ஆடு மெரளும். அந்தம்மாவுக்கு ஓடிப் புடிக்கறது சிரமம்."

கேட்கத் தெரியாதவருக்கு மறுக்கவும் தெரியாது. இது கொஞ்ச நாளில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. திருமழபாடியில் நந்தி கல்யாணம் பார்க்க வேண்டும் என்று ஒரு பெரிய குடும்பமே அந்தச் சின்னக் காரில் ஏறி மடிமேல் மடியாக உட்கார்ந்து போய்வந்தது. செட்டிகுளத்துப் பங்காளிகள் சின்ன வெங்காயம் அறுவடை செய்தால் ஒரு நடை வந்துபோகச் சொல்லி மாமாவுக்குப் போன் வரும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டைகளை அடுக்குவார்கள். மாமா ஓரமாக நிற்பார். மூட்டை தூக்குகிறவன் "இன்னொன்னு வைக்கலாமா சார்?" என்று கேட்டால், "வைங்க, வைங்க" என்பார். வண்டிக்குள் எப்போதும் வெங்காயத் தோல் பறந்துகொண்டே இருக்கும். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினால் சிவப்புத் தோலோடுதான் இறங்குவாள்.

வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. யாரும் ஏறாதபோதே நாலு பேர் ஏறியதுபோலத் தணிந்து நின்றது. வேகத்தடை வந்தால் அடியில் இடிக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூடப் பின்பக்கம் கொஞ்ச நேரம் ஊஞ்சலாடிவிட்டுத்தான் நிற்கும். பின்னால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் மாற்ற வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாருமே சொன்னார்கள். மாமா காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே வண்டிகள் நின்றன. மெக்கானிக் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்தார். மாமா வாசலில் நின்று இருமினார். பட்டறைச் சத்தத்தில் இருமல் யாருக்குக் கேட்கும்? திரும்பி வந்துவிட்டார். இன்னொரு நாளும் போய் அதேபோலத் திரும்பினார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்திருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே மாற்றிவிடுவது. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் எல்லாம் போனிலேயே ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும், யாரோடும் பேச வேண்டாம். எப்படி மாற்றுவது என்பதற்கும் போனிலேயே வீடியோ இருக்கிறது. படுக்கையில் சாய்ந்துகொண்டு அதை எத்தனை முறை பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது. பக்கத்தில் அக்கா படுத்திருக்கிறாள், மறுநாள் அவளுக்கு வேலை கிடக்கிறது. அதனால் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் பார்த்தார். அந்த வீடியோக்காரரின் கைகள் செய்தது ஒவ்வொன்றும் மாமாவுக்கு மனப்பாடம். வாய் சொன்னது ஒன்றும் தெரியாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகளிர் குழுக் கூட்டம் அந்த மாதம் அவள் வீட்டில். முன் ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் கேட் வரைக்கும் ஒரு சிமெண்ட் பாதை, கார் நிற்பது அங்கேதான். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகப் பாதையை கேட் பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருந்தார்கள். மாமா கைலியைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி வேலையை ஆரம்பித்திருக்கிறார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். மதில் கட்டி மீந்த ஹாலோ பிளாக் கற்கள் கிடந்தன. அவற்றை இரண்டு பக்கமும் அடுக்கி அவற்றின்மேல் வண்டியை நிறுத்தினார். வீடியோக்காரர் இரும்பு ஸ்டாண்டு வைத்திருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. மாடியில் குடியிருக்கிறவர் சொந்தக் கார் வைத்திருக்கிறவர், அவரிடம் அந்த ஸ்டாண்டுகள் இருந்தன. கேட்க வேண்டுமே. பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். மாடிக்காரர் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு போக வழி வேண்டும் என்று, கழற்றிய சக்கரங்களைப் பாதையில் போடாமல் காருக்கு அடியில் ஓரத்தில் தள்ளி வைத்தார். பிறகு உள்ளே புகுந்து, இடது கையை நீட்டி, ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டை முறுக்கினார்.

போல்ட் இறுகியிருந்தது. பலமாக இழுத்தார். கார் கேட் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. ஒரு ஹாலோ பிளாக் நொறுங்கியது. வண்டி இறங்கியது.

இறங்கிய வண்டி அடியில் கிடந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்து நின்றுவிட்டது. மாடிக்காரருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று தள்ளிவைத்த சக்கரம் அது. அது மட்டும் இல்லாவிட்டால் மொத்த எடையும் மாமாவின் நெஞ்சில்தான் இறங்கியிருக்கும். ஆனால் இடது முன்கை, அச்சுக்கும் உடைந்த கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெளியே வரவும் முடியாது, அசையவும் முடியாது.

உள்ளே ஹாலில் அக்கா இருந்தாள். நடுவில் இருந்தது ஒரு ஜன்னல் மட்டும். மாமா கூப்பிடவில்லை.

கூட்டம் முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பாதை வழியாகத்தான் கேட்டுக்குப் போனார்கள். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் போக முடியுமா?

"என்னங்க சார், வண்டி வேலையா?"

"ஆமாங்க. போயிட்டு வாங்க."

"ஞாயித்துக்கெழமகூட ரெஸ்ட் இல்லியா சார்?"

"என்னங்க பண்றது. பாத்துப் போங்க, அந்தப் பக்கம் கல்லு கெடக்கு."

குழுத் தலைவி இன்னும் கொஞ்சம் அக்கறையாகக் குனிந்தே கேட்டிருக்கிறார், தண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று. "வேண்டாங்க, குடிச்சிட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது. இதைப் பின்னால் அந்த அம்மாவே என்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

கடைசிப் பெண் போன பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் கடலை கொண்டுபோயிருந்தேன். கேட்டைத் திறந்ததும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரிந்தது. கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. சும்மா இருந்த வலது கையால் கைலியைக் கணுக்கால்வரை இழுத்து ஒழுங்காக விட்டிருந்தார்.

"வாங்க மச்சான்" என்றது குரல். என் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். "சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். ஏன் மாமா வண்டி இப்புடிச் சாஞ்சிருக்கு?"

"லேசா எறங்கிருச்சு. குழுக்காரங்க எல்லாம் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

வலது கை கைலியை இன்னொரு முறை இழுத்துவிட்டது. பிறகு, "உங்களுக்கு வேலை ஒன்னும் இல்லன்னா, அந்த ஜாக்கிய எடுத்து இந்தப் பக்கம் வைக்க முடியுமான்னு பாருங்க. கை மாட்டிருக்கு" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். நான் போட்ட சத்தத்தில் மாடிக்காரர் இறங்கி ஓடிவந்தார், எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அக்கா டீ கிளாசோடு வந்தாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து பம்பரைப் பிடித்துத் தூக்கப் போனோம். அடியிலிருந்து மாமா, அந்த நிலையிலும் தன்மையாக, "தூக்காதீங்க, ஆடுது. முன் சக்கரம் ரெண்டுத்துக்கும் மொதல்ல கல்லு வைங்க. கியர்ல போடுங்க" என்றார். வண்டி எப்படி நகர்ந்தது என்பதை அவ்வளவு நேரமும் படுத்தபடி யோசித்துப் புரிந்துகொண்டிருக்கிறார். கல் வைத்தோம். மாடிக்காரர் ஓடிப்போய்த் தன் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்தார். ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி அவரை இழுத்தோம்.

உடம்பெல்லாம் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. மாடிக்காரரைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "வழிய மறிச்சிருச்சு, வண்டி எடுக்கணுமாங்க?"

எனக்கு வந்த கோபத்தில் அடிபட்ட மனிதரை இன்னொரு அடி அடித்திருப்பேன். அக்காதான் முந்திக்கொண்டாள்.

"நான் உள்ளதான இருந்தேன். ஏங்க, ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"கூட்டம் நடந்துட்டிருந்துச்சு. அத்தன பேரு. கைலி வேற ஏறிக் கெடந்துச்சு" என்றவர், வழக்கம்போல முடித்தார். "உனக்கு ஏன் சிரமம்னுதான்."

அக்கா அழவில்லை. அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கா?" என்றாள். "என்னையுமா அந்தக் கண்டக்டரு கணக்குல வச்சிட்டீங்க?"

அந்தக் கேள்வியின் முன்னால் எங்கள் எல்லாருக்குமே தலை தொங்கிப்போயிற்று. ஆட்டோ வந்து அவரை ஏற்றும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கையில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஊருக்குள் இது வேறு மாதிரி பரவிற்று. காருக்கடியில் நசுங்கிக்கொண்டே பெண்களுக்கு டாட்டா காட்டிய ஆள் என்று என் கடையிலேயே வந்து சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மூட்டை கட்டிக் கொடுத்தேன். அக்கா அதன்பிறகு கொஞ்ச நாள் குழுக் கூட்டத்துக்குப் போகவில்லை. புருஷன் சாகக் கிடக்கும்போது டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் என்று அவர்கள் பார்ப்பார்களாம். அவர்கள் பார்க்கவில்லை. அவளே தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மாமா தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து தானே போய் ஒரு கையால் எடுப்பார். அவர் எழுந்ததைப் பார்த்து அவள் முந்திக்கொண்டு ஓடுவாள். இரண்டு பேருமே சமையற்கட்டு வாசலில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் அந்த வீடியோவை நான் சத்தம் வைத்துப் போட்டேன். மாமா பக்கத்தில் இருந்தார். வீடியோக்காரர் முதலிலேயே சொல்கிறார்: "ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தத்தான் புடிக்கும். பின்னாடி தூக்கிட்டோம்னா அது சும்மா. முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்ட குடுத்துருங்க. ஹாலோ பிளாக்க நம்பி யாரும் உள்ள போயிராதீங்க, அது சொல்லாம ஒடையும்." நடுவில் ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கொரலு அவருக்கு" என்றார் கடைசியில்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே நான் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வண்டி அப்படியே நின்றவரைக்கும் அக்கா பக்கவாட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. பின் சக்கரங்களை மறுபடியும் மாட்டி, காரைத் தெருவில் சமமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினோம். மெக்கானிக் முதல் கியரில் போட்டார், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார், தூக்கி, வண்டியின் உடம்பை இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கினார். ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கியை அச்சுக்கு நடுவில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு இரண்டு பக்க ஷாக் அப்சர்பரையும் கீழே கழற்றினார். அச்சைத் தாங்காமல் கழற்றினால் அது சட்டென்று விழும், ஸ்பிரிங் தெறிக்கும், பிரேக்குக்கு எண்ணெய் போகிற ஹோஸ் அறுந்துபோகும் என்றார். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்க இறக்க ஸ்பிரிங் தளர்ந்து, கையால் எடுக்கிறபடி வந்துவிட்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது நாலு விரல் குட்டை.

மாமா கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ சாப்பிடுங்கள் என்று மெக்கானிக்கை உபசரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "மச்சான், அந்தப் பக்கத்து ஸ்டாண்டு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, அவரு வருத்தப்படுவாரு."

நான் ஊருக்கே கேட்கிறபடி சொன்னேன். மெக்கானிக் வெளியே வந்து பார்த்தார். தார் இளகி ஸ்டாண்டின் ஒரு கால் லேசாக அழுந்தியிருந்தது. அடியில் ஒரு பலகை போட்டுச் சரிசெய்துகொண்டு, "யாரு பாத்தது?" என்றார். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்திய பிறகுதான் ஷாக் அப்சர்பர் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினார் மெக்கானிக். கார் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. அப்படி ஒரு உயரம் அதற்கு இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம்.

கை தேறிய பிறகு ஒரு மாலை, மாமா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, அரியலூருக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பேரளி தாண்டி, எதிர்ப்பக்கம் ரோட்டோரத்தில் ஒரு கார் நின்றது. டயர் பஞ்சர். பின் சக்கரத்தைக் கழற்றி மரத்தில் சாய்த்திருந்தார்கள். ஜாக்கி ஒன்றுதான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. மண் தரை, அதுவும் சரிவு. சக்கரத்துக்குக் கட்டை எதுவும் இல்லை. ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர், ஏதோ நட்டு உருண்டு உள்ளே போய்விட்டதுபோல, குப்புறப்படுத்துத் தலையையும் தோளையும் காருக்கு அடியில் நுழைத்துக்கொண்டிருந்தார். கல் லாரிகள் தரை அதிரப் போய்க்கொண்டிருந்தன.

மாமா வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடியை இறக்கினார். வாயைத் திறந்தார். "ஏங்க..." என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். இருமினார். ஒரு லாரி போயிற்று, அந்தக் கார் ஜாக்கியின்மேல் நடுங்கியது.

மாமா உள்ளங்கையை ஹாரனில் வைத்து அழுத்தினார்.

அந்த வண்டியில் ஹாரன் வேலை செய்யும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கரகரத்த, அசிங்கமான சத்தம். விடவில்லை. அழுத்திய கையை எடுக்கவே இல்லை. லாரிக்காரர்கள் வேகம் குறைத்துப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளியிருந்த ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் சீட்டில் தணிந்து உட்கார்ந்தேன். அந்த ஆள் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நிற்கும்வரை சத்தம் நிற்கவில்லை.

"யோவ், என்னய்யா ஒனக்கு? பைத்தியமா?"

மாமா இறங்கினார். டிக்கியில் இப்போதெல்லாம் அவர் கட்டைகள் வைத்திருந்தார். அவற்றை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்துபோய், ஒன்றும் பேசாமல் குனிந்து முன் சக்கரங்களுக்குக் கொடுத்தார். மரத்தில் சாய்த்திருந்த சக்கரத்தை உருட்டிவந்து காருக்கு அடியில் படுக்கவைத்தார். இடது கை இன்னும் முழுதாக நீளாததால் ஒற்றைக் கையால்தான் செய்தார். அந்த ஆள் தன் மனைவியைப் பார்த்துத் தலையைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார். டீக்கடையிலும் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்திருந்தது, கண்ணை யாரிடமும் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் அங்கேயே நின்றார். மாற்றுச் சக்கரம் ஏறி, வண்டி தரையில் இறங்கும்வரை நின்று, கட்டைகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வண்டியை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், ரொம்ப நேரம் அடிச்சிட்டனோ?"

"இல்ல மாமா."

"கொழந்த தூங்கிட்டிருந்துச்சு. பாவம், முழிச்சு அழுவுது."

துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, கைகால் கழுவ அவர் உள்ளே போன பிறகு, நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவே அடிச்சாராடா? கைய எடுக்காமயா?" என்று கேட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, போய்க் கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினாள்.

மாமா முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "என்ன, என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. இந்தச் சத்தம் எனக்கு உள்ள வரைக்கும் கேக்குமான்னு பாத்தேன். கேக்கும். கேட்டா வந்துருவேன், எத்தன பேரு உக்காந்திருந்தாலும்."

மாமா கையைப் பிசைந்துகொண்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். "மேல படுத்திருப்பாங்க. அவங்களுக்கு ஏன்..." என்று ஆரம்பித்தார்.

அக்கா இன்னொரு தடவை அடித்தாள்.